காசிமேட்டு டீயும் துண்டு போட்ட சீட்டும்

காசிமேடு துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். இரவெல்லாம் கண் விழித்தவர்கள் டீக்கடை வாசலில் நின்று, "அண்ணாத்தே, ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்பார்கள். குடித்ததும் தெம்பு வந்தது போல இருக்கும். சர்க்கரை கணக்கு வேறு; டீயில் இருக்கிற காஃபீன் தெம்பு எதையும் தருவதில்லை. மூளைக்குள் போய்த் துண்டு போட்டு இடம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மின்ட் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிவோமே, அதே வேலை. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். நரம்பணுக்களில் அது உட்காரவென்றே ஏற்பிகள் இருக்கின்றன. உட்கார்ந்தால் அணுவின் பரபரப்பு அடங்கும், கண் சொக்கும். காஃபீனும் அந்த ஏற்பியில் பொருந்தும். ஆனால் உட்கார்வதோடு சரி, அடினோசின் செய்கிற வேலையைச் செய்யாது. உரியவருக்கு இடமில்லை, ஆகவே தூக்கம் தள்ளிப்போகிறது.

மூளையில் இருக்கும் இதுபோன்ற ஏற்பிகளைத் துருவியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சாலமன் ஸ்னைடர். மனநல மருத்துவராகப் பயிற்சி பெற்று, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சி செய்தவர். வலியைப் போக்கும் மார்ஃபின் மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதை 1973-இல் அவரும் மாணவி கேண்டஸ் பெர்ட்டும் காட்டினார்கள்.

செய்முறை டீ மாஸ்டருக்கே புரியும். எலியின் மூளையை அரைத்து, மார்ஃபின் ஒட்டும் ஏற்பியிலேயே ஒட்டுகிற நலாக்சோன் என்ற மருந்தைக் கதிரியக்க அடையாளம் ஏற்றிக் கலந்து, வடிதாளில் சட்டென்று வடித்துக் கழுவ வேண்டும். துணியில் டீத்தூள் சக்கை தங்குவது போல, ஏற்பியில் ஒட்டிய மருந்து தாளில் தங்கும், மற்றது ஓடிவிடும். நிதானமாகக் கழுவினால் ஒட்டியதும் கழன்றுவிடும். சரி, ஒட்டியது உண்மையான ஏற்பியில்தானா, வேறெங்காவது அப்பிக்கொண்டதா? இடக்கால், வலக்கால் செருப்பு போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு மருந்துகளை எடுத்தார்கள். வலியைப் போக்கும் லெவோர்ஃபனால் நலாக்சோனை எளிதில் விரட்டியது. அந்தக் குணமில்லாத அதன் ஜோடியால் முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நலாக்சோனும் ஒரு துண்டுதான் என்பதைக் கவனியுங்கள்: இடத்தைப் பிடிக்கும், வேலை செய்யாது.

1978-இல் இந்தத் துறைக்கு மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தபோது ஸ்னைடர் பெயர் இருந்தது, பெர்ட் பெயர் இல்லை. படிக்கும்போதெல்லாம் உறுத்துகிற விஷயம்.

அப்புறம் 1981-இல் ஸ்னைடர் குழு காஃபீனுக்கு வந்தது. ஒரு நொதியைத் தடுப்பதால்தான் அது விழிக்க வைக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த நொதியைத் தடுக்க நாம் குடிக்கும் அளவெல்லாம் போதாது. காஃபீனின் உறவுக்கார மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அடினோசின் ஏற்பியில் இறுக்கமாக ஒட்டுகிற மருந்துதான் எலியை அதிகம் ஓட வைத்தது. 2005-இல் இன்னொரு சோதனை: ஏ2ஏ என்ற வகை அடினோசின் ஏற்பி இல்லாத எலிகளுக்குக் காஃபீன் கொடுத்தும் விழிப்பு கூடவில்லை. துண்டு போட சீட்டே இல்லையே.

தினமும் துண்டு போட்டால் மூளை சும்மா இருக்காது, கூடுதலாக சீட்டுகளைப் போடும். ஒரு டீ இரண்டு டீயாகிப் போவதும், ஒருநாள் குடிக்காவிட்டால் தலை இடிப்பதும் அப்படித்தான்.

துண்டும் நிரந்தரமில்லை. குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதுவரை அடினோசின் கூட்டம் வெளியே சேர்ந்துகொண்டேதான் இருக்கும்; இடம் காலியாகக் காலியாக ஏறி உட்காரும். ஏலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூன்று ஸ்ட்ராங் டீ குடித்தவர் வலைக் குவியல் மேலேயே சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.