நகத்தால் உரிக்க முடியாத படம்

பெட்டியைப் பிரித்து, மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடரை அப்பாவின் கையில் கொடுத்ததும் அவர் முதலில் செய்த காரியம், திரையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. "மேல ஒட்டியிருக்கிற பேப்பரை எடுத்துடவா?" என்றார். திரையில் ஒரு படமும், சார்ஜரில் செருகச் சொல்லி ஒரு வரியும் இருந்தன. புது செல்போனில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாள் என்று நினைத்துவிட்டார்.

"அது ஸ்டிக்கர் இல்லப்பா. ஸ்கிரீனே அதுதான்."

"இன்னும் ஆன் பண்ணவே இல்லையே, அப்புறம் எப்படித் தெரியுது?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வெயிலில் கூசாமல் படிக்க முடிவது, வாரக்கணக்கில் சார்ஜ் நிற்பது, வீடியோ என்றால் திணறுவது எல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலிலிருந்து கிளைப்பவைதான். எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்பதும் அதிலேயே பாதி இருக்கிறது.

செல்போன் திரை ஒரு விளக்கு. உள்ளிருந்து வெளிச்சம் வந்துகொண்டே இருந்தால்தான் எழுத்து தெரியும். மின்சாரம் நின்றால் இருட்டு. இ-ரீடரின் திரையோ பெயிண்ட். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டில் இருக்கும் அதே டைட்டானியம் டை ஆக்சைடு பொடிதான் இதிலும் வெள்ளை நிறம். கருப்புக்குக் கரித்துகள். இரண்டையும் நிறமற்ற எண்ணெயில் கலந்து, தலைமுடியின் தடிமன் அளவே உள்ள குமிழ்களில் அடைத்து, அந்தக் குமிழ்களை ஒரு படலமாகப் பூசியிருக்கிறார்கள். வெள்ளைத் துகளுக்கு ஒருவகை மின்னேற்றம், கருப்புக்கு அதற்கு நேரெதிர். படலத்துக்கு மேலே ஒளி புகும் மின்முனை. கீழே ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஒரு மின்முனை. சுமார் 15 வோல்ட் கொடுத்தால் ஒரு நிறம் மேலே ஏறும், மற்றது அடியில் இறங்கும். வோல்ட்டைத் திருப்பிப் போட்டால் இடம் மாறிக்கொள்ளும்.

ரசத்தை இறக்கி வைத்தால் தெளிவு மேலே, மண்டி கீழே என்று பிரிகிறதல்லவா, கிட்டத்தட்ட அதுதான். அங்கே பிரிப்பது புவியீர்ப்பு, இங்கே மின்புலம். ஒரு வித்தியாசம்: ரசத்தை ஒரு கலக்குக் கலக்கினால் மண்டி எழும்பிவிடும். இந்தத் துகள்கள் மிகப் பொடியானவை. குமிழின் சுவரோடும் தமக்குள்ளும் லேசாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெயும் எளிதில் நகர விடாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் போய்ச் சேர்ந்த இடத்திலேயே இருக்கும். தொழிற்சாலையில் என்றைக்கோ ஏற்றிய படத்தைத்தான் அப்பா சுரண்டிப் பார்த்தார். அதைக் காட்டிக்கொண்டிருக்க ஒரு துளி மின்சாரம்கூடச் செலவாகியிருக்காது.

பக்கம் புரளும்போது மட்டும் திரை மின்சாரம் கேட்கும். (பெட்டியில் 'ஆறு வாரம்', 'பத்து வாரம்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் தினமும் அரை மணி நேரம், வைஃபை அணைத்து என்று கணக்கிட்டது. அப்பா மாதிரி நாளுக்கு நாலு மணி நேரம் படிப்பவருக்கு அது பொருந்தாது.) பெரிய கடைகளில் அலமாரி ஓரத்தில் விலையைக் காட்டும் சின்ன மின்திரைகளும் பெரும்பாலும் இதே சரக்குதான், விலை மாறும்போது மட்டும் வேலை செய்தால் போதும் என்பதால்.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்தது, முந்தையவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது. 1970களிலேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நிக் ஷெரிடன் பாதி கருப்பு, பாதி வெள்ளையாக இருக்கும் நுண்மணிகளை மின்சாரத்தால் உருட்டிப் பக்கம் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் இசாவோ ஓட்டா, திரவத்தில் மிதக்கும் நிறத்துகள்களை மின்புலத்தால் நகர்த்தினார். யோசனை சரிதான். ஆனால் ஒரே தொட்டியில் விட்ட துகள்கள் நாளடைவில் கட்டி தட்டும், ஒரு மூலையில் போய் ஒதுங்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும், மாணவர்களாக இருந்த பாரட் கோமிஸ்கி, ஜே. டி. ஆல்பர்ட் இருவரும் செய்தது, தொட்டியை லட்சக்கணக்கான குமிழ்களாக உடைத்தது. இனி துகள் எங்கே ஓடும்? அதிகபட்சம் ஒரு முடியின் தடிமன் தூரம். 1997இல் இந்தத் திரையைத் தயாரிக்க இ இங்க் நிறுவனம் தொடங்கியது, 1998இல் 'நேச்சர்' இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது.

இந்தத் திரையோடு வந்த முதல் இ-ரீடர் 2004இல் ஜப்பானில் சோனி வெளியிட்ட லிப்ரியே. திரை அருமை, வியாபாரம் படுத்துவிட்டது. அதில் வாங்கிய நூல்கள் 60 நாள் கழித்துத் திறக்காது! நூலகத்தில்கூடத் தாமதக் கட்டணம் கட்டி வைத்துக்கொள்ளலாமே. 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்த பிறகுதான் சந்தை பிடித்துக்கொண்டது. அன்றைய கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளி, நான்கே சாம்பல் நிறம். இன்று 300 புள்ளி, 16 சாம்பல்.

சாம்பல் நிறம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இந்தத் திரையின் கோணங்கித்தனம் புரியும். துகள்களை முழுத்தூரம் ஓடவிடாமல் நடுவழியில் நிறுத்த வேண்டும். நிறுத்த, எவ்வளவு நேரம் வோல்ட் கொடுப்பது என்பதைக் கச்சிதமாகக் கணக்கிட வேண்டும். கணக்கிட, அந்தப் புள்ளி இதற்கு முன் என்ன நிறத்தில் இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து, முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாகப் பின்னால் தெரியும். டஸ்டரால் துடைத்த கரும்பலகையில் நேற்றைய கணக்கு தெரியுமே, அப்படி. அதனால்தான் சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாக ஒரு தரம் மின்னிவிட்டு அடுத்த பக்கத்தைக் காட்டுகிறது. பலகையை ஈரத்துணியால் துடைப்பது அது. கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

குளிரும் இதற்கு ஆகாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு போராடியவர்களுக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இந்த எண்ணெய் உறையாது என்றாலும் குளிரில் பாகுபோல் கெட்டியாகி, துகள்கள் மெதுவாக நகரும். கருவிக்குள் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. அன்றைய வெப்பத்துக்கு எவ்வளவு நேரம் வோல்ட் கொடுப்பது என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் பக்கம் புரளும்.

அடுத்து வெளிச்சம். இந்தத் திரைக்குத் தன் ஒளி கிடையாது. விழும் ஒளியைச் சிதறடிக்கும். மொட்டை மாடி வெயிலில் செல்போன் கருத்துப்போகும்போது இது மேலும் தெளிவாவது அதனால்தான். ஆனால் விழும் ஒளியில் பாதிகூடத் திரும்பி வராது. செய்தித்தாளைவிடவே பின்னணி சற்று மங்கல். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் அது அழுக்கு வெள்ளையாகத் தெரியும். ஆகவே முன்விளக்கு இல்லாத கருவியை விலை மலிவு என்று வாங்காதீர்கள். சட்டத்தின் ஓரத்தில் சின்ன எல்இடிகள் இருக்கும். அவற்றின் ஒளி ஒரு மெல்லிய படலத்தின் வழியே பரவி, கீழே பக்கத்தின் மேல் விழுந்து, அங்கிருந்து கண்ணுக்கு வரும். மஞ்சள் எல்இடியும் சேர்ந்திருந்தால் இரவில் இதம்.

இங்கே விற்பனையாளர்கள் சொல்லும் ஒரு வசனத்தைக் கொஞ்சம் தட்டி வைக்க வேண்டும்: "கண்ணுக்கு ஒண்ணுமே ஆகாது சார்." இருட்டறையில் முன்விளக்கை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டால் இதுவும் கண்ணைக் கூசவே செய்யும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. இ-ரீடரில் படித்தால் தூக்கம் கெடும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரையை ஆதாரம் காட்டுவார்கள். 12 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. படிக்கக் கொடுத்த கருவி, செல்போன் போல உள்ளிருந்து ஒளிரும் ஐபேட், அதுவும் முழு வெளிச்சத்தில், படுக்கும் முன் நான்கு மணி நேரம். நாம் பேசும் இந்தத் திரைக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.

வண்ணத்திரை? கருப்பு வெள்ளைத் திரையின் மேல் நிறவடிகட்டி ஒன்றைப் போர்த்தித்தான் பெரும்பாலும் வண்ணம் கொண்டுவருகிறார்கள். வடிகட்டி ஒளியைத் தின்னும், ஏற்கெனவே மங்கலான பின்னணி இன்னும் மங்கும். வண்ணத்தில் துல்லியம் 300இலிருந்து 150 புள்ளியாகக் குறையும். நாவல் படிக்க அது வீண்செலவு. குழந்தைக்குப் படக்கதை வேண்டுமென்றால் காகிதத்திலேயே வாங்கிக் கொடுங்கள். கிழித்து மகிழவும் ஆகும்.

இனி, ஆங்கில விமர்சனங்கள் தொடாத விஷயம்: தமிழ் எழுத்து.

'கொ' என்பதை யுனிகோட் முறையில் 'க', அதன் பிறகு 'ஒ'கரக் குறி என இரண்டே குறியீடுகளாகச் சேமிக்கிறோம். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். எழுத்துருவும் அதை அடுக்கித் தரும் மென்பொருளும் ஒத்துழைத்தால்தான் அது நடக்கும். பழைய கருவிகளில் கொம்பு தனியே ஒரு புள்ளிவட்டத்தில் தொங்குவதைப் பார்த்து நொந்தவர்கள் நிறையப் பேர். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக வந்ததே 2016 டிசம்பரில்தான். வாங்குமுன் ஏதாவது ஒரு தமிழ் நூலைத் திறந்து, 'கொடுத்தேன்', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் கண்ணால் பாருங்கள். இந்த மூன்றும் தேறினால் மற்றவையும் பெரும்பாலும் தேறும். ஞ, ணூ, கூ போன்ற சுழிக்காரர்கள் சின்ன அளவில் பிசிறாமல் தெரிய 300 புள்ளி வேண்டும். அதற்குக் குறைந்தால் வேண்டாம்.

இன்னொன்று. நம் சொற்கள் ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொள்பவை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கிடையில்' என்பதை ஆறங்குலத் திரையில் பெரிய எழுத்தில் போட்டால் ஒரு வரியே போய்விடும். சொல்லை உடைத்து மடிக்கப் பல கருவிகளுக்குத் தெரியாது. இருபுறமும் சமமாக நிற்கும்படி வைத்திருந்தால் முந்தைய வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே மாட்டுவண்டி போகலாம். அமைப்பில் இடது ஓர ஒழுங்குக்கு மாற்றினால் பாதித் தொல்லை தீரும். அப்பாவின் கருவியில் நான் செய்த முதல் மாற்றம் அதுதான்.

நூல்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து நாட்டுடைமையான எழுத்தாளர்கள் வரை இலவசமாகக் கிடைக்கிறார்கள். ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேறு, இபப் வேறு. பிடிஎஃப் பக்கத்தின் புகைப்படம். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே திரைக்கு வெளியே ஓடும். பழைய புத்தக ஸ்கேன்கள்தான் உங்கள் படிப்பு என்றால் பத்தங்குலக் கருவி வாங்குங்கள், அல்லது வாங்கவே வாங்காதீர்கள். இபப் என்பது எழுத்தாகவே இருப்பது, திரைக்கு ஏற்ப வழிந்து நிற்கும். ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்ற காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும். கோவித் கோயல் என்ற இந்தியர், சோனி கருவியைத் தன் லினக்ஸ் கணினியோடு பேசவைப்பதற்காக 2006இல் தொடங்கியது அது. கைவசம் இபப் கோப்புகள் இருப்பது பாதுகாப்பும்கூட. 2009இல் அமேசான் தான் விற்ற சில நூல்களை, உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாசகர்களின் கருவிக்குள்ளிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டது.

சரி, இதில் படித்தால் மனதில் நிற்குமா? 2018இல் 54 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தகவல் சார்ந்த கட்டுரைகளில், குறிப்பாக நேரக்கெடு வைத்துப் படிக்கும்போது, காகிதமே முந்தியது. கதைகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன். நார்வேயின் ஆன் மாங்கன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது: ஒரே துப்பறியும் கதையைப் பாதிப் பேருக்குக் காகிதத்திலும் பாதிப் பேருக்குக் கிண்டிலிலும் கொடுத்தார்கள். புரிதலில் பெரும்பாலும் இரு சாராரும் சமம். எந்தச் சம்பவம் எதற்குப் பிறகு நடந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது கிண்டில்காரர்கள் தடுமாறினார்கள். இடது கையில் எவ்வளவு தடிமன், வலது கையில் எவ்வளவு மிச்சம் என்று விரல் சொல்லிக்கொண்டே இருக்கும் சேதி இதில் இல்லாமல் போவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

அப்பாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. கண்புரை அறுவைக்குப் பிறகும் பழைய நாவல்களின் பொடி எழுத்து பிடிபடவில்லை. பைண்டு செய்த தொகுதிகளை மார்மேல் வைத்துப் படித்தால் மணிக்கட்டு வலி. அப்படியே படிப்பு நின்று, டிவி சீரியல் பக்கம் ஒதுங்கியிருந்தார். ஐந்து வருஷம். இப்போது இருநூறு கிராமுக்கும் குறைவான பலகையில், ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரி வரும்படி எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிக்கிறார். பக்கம் புரள எடுக்கும் அரை வினாடி அவருக்குக் குறையாகவே படவில்லை. எச்சில் தொட்டுப் புரட்டுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். வாட்ஸ்அப் இதில் வராதா என்று அம்மா ஒருமுறை கேட்டார். "வராது, அதான் வாங்கியிருக்கான்" என்று பதில் போனது.

எனக்குத் தெரியாமல் அவராகவே ஒன்று தொடங்கியிருக்கிறார். வங்கிக்காரர்கள் கொடுத்த பழைய டைரி ஒன்றில், தினமும் படித்து முடித்ததும், திரையின் அடியில் தெரியும் சதவீதத்தையும் அன்று கதையில் நடந்ததையும் பேனாவால் ஒரு வரி எழுதிவைக்கிறார். "திங்கள் 34, கடிதம் கிடைத்தது." "செவ்வாய் 41, அண்ணன் ஊர் திரும்பினான்." புதன்கிழமைக்கு எதிரே ஒன்றுமில்லை. கேட்டேன். "அன்னிக்கு உன் தங்கச்சி பையன் வந்து பிடுங்கிட்டுப் போயிட்டான்" என்றார். "அவன் 12 சதவீதத்துல இருக்கான்."