புரொக்னோசிஸ்: ‘கண்ணோட்டம்’ அன்று, நோய்ப்போக்கு

மெலனோமா என்னும் தோல் புற்றுநோயைப் பற்றித் தமிழில் வரும் மருத்துவக் குறிப்புகளில் ‘மெலனோமா கண்ணோட்டம்’ என்றொரு தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அதன் கீழே இருப்பது எவருடைய பார்வையும் அன்று. நோய் குணமாகுமா, திரும்ப வருமா, நோயாளி எவ்வளவு காலம் வாழக்கூடும் என்ற செய்தியே. அவுட்லுக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து வைத்துவிட்டார்கள். மருத்துவர்கள் இதனைப் புரொக்னோசிஸ் என்பர். கிரேக்க மொழியில் ‘முன்னறிதல்’ என்று பொருள். மெலனோமாவும் கிரேக்கமே: மெலாஸ் கறுப்பு, ஓமா கட்டி.

கண்ணோட்டம் என்பது குறளில் 58ஆம் அதிகாரத்தின் பெயர். அங்கே அது இரக்கத்தையும் தாட்சணியத்தையும் குறிக்கும். இன்றைய வழக்கில் அது பார்க்கும் கோணம். இரண்டுமே இங்கே பொருந்தா.

கலைச்சொல்லாக வழங்கும் ‘முன்கணிப்பு’ இதைவிட மேலானதுதான் என்றாலும், எனக்கு அதுவும் உடன்பாடில்லை. சாதகம், தேர்தல், மழை என எல்லாவற்றுக்கும் பொதுவான அச்சொல்லைக் கேட்கும் நோயாளி, தன் முடிவை யாரோ முன்கூட்டியே எழுதிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். மெலனோமாவில் நிலைமை அப்படியன்று. 1970இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டியபடி, கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே பெரிதும் விளைவைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, தோன்றிய இடத்திலேயே நிற்கும்போது கண்டறியப்பட்டால் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் 99 விழுக்காட்டுக்கு மேல். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் அது ஏறத்தாழ 35 விழுக்காடு. ஆகவே நோய் எந்த நிலையிலிருந்து எத்திசையில் செல்கிறது என்பதைச் சொல்லும் ‘நோய்ப்போக்கு’ என்பதே தெளிவான சொல். வயிற்றுப்போக்கை நினைவூட்டுகிறதே என்பார்கள். ‘போக்கு’ என்ற சொல் காலப்போக்கிலும் நீரோட்டத்தின் போக்கிலும் இயல்பாகவே வழங்குகிறது. நோய் செல்லும் வழியை மட்டுமே அது சுட்டும், முடிவைச் சுட்டாது என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த வேறுபாடு தேவைப்படும் ஆய்வுக் கட்டுரையில் ‘நோய்ப்போக்குக் கணிப்பு’ என விரித்து எழுதலாம்.

இதே குறிப்புகளில் வரும் ‘ஆரம்பகாலக் கண்டறிதல்’ இன்னொரு தொல்லை. முற்காலத்தில் நோயை எப்படிக் கண்டறிந்தார்கள் என்று சொல்லப்போவதுபோல் அது ஒலிக்கிறது. ‘தொடக்கத்திலேயே கண்டறிதல்’ என்றால் யாருக்கும் ஐயமில்லை. மொழிபெயர்ப்பவர்கள் இத்தொடர்களில் தடுமாறுவதோடு நில்லாமல், ‘கறுப்பு மச்சம்’ என்பதோடு விளக்கத்தையும் முடித்துவிடுகிறார்கள். நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாக வரும் மெலனோமாவும் உண்டு. நம்மைப் போன்ற கருநிறத்தோர்க்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே வரும் கருங்கோடு, நகத்தை ஒட்டிய தோலுக்கும் பரவினால், அடிபட்ட தழும்பு என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.