கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள், கோடெக்கைப் பாருங்கள்

தை பிறந்து முகூர்த்த சீசன் சூடு பிடித்தால் எடிட்டிங் பசங்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, 32 ஜிபி ராம் போட்டாச்சு, இன்னும் டைம்லைன் திக்குது. கிராபிக்ஸ் கார்டு மாத்திரலாமா?" கேமராவில் என்ன ஃபார்மட்டில் எடுத்தது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. செலவு செய்வதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

எச்.264, எச்.265 இரண்டும் மெமரி கார்டில் இடத்தை மிச்சம் பிடிக்கும் கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறைகள். எல்லா ஃப்ரேமையும் முழுப் படமாக எழுதாது. ஒன்றை முழுதாக எழுதி, தொடர்ந்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்து வைக்கும். நேராக ஓட்டிப் பார்க்கும்போது தொந்தரவில்லை. தாலி முடிச்சு விழும் அந்த இடத்தில் கட் வைக்க முன்னும் பின்னும் இழுக்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு இழுப்புக்கும் முந்தைய முழு ஃப்ரேமுக்குப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். மூன்று கேமரா மல்டிகேம் என்றால் இந்த வேலையும் மூன்று மடங்கு. ராமைக் கூட்டி என்ன பயன்?

கிராபிக்ஸ் கார்டு மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. இன்றைய கேமராக்கள் பல, நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் 10 பிட் 4:2:2 எச்.265இல் எடுக்கின்றன. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை இந்தச் சுருக்கத்தை ஹார்டுவேரில் பிரிக்கும் வசதியே கிடையாது, 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸரில் இருக்கும் க்விக் சிங்க் என்ற வீடியோ பிரிக்கும் வசதி இதைச் செய்துவிடும் (எஃப் என்று முடியும் மாடல்களில் இல்லை).

எதையும் வாங்காமல் சமாளிக்க வழி ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் போட்டுக்கொள்ளும் சின்ன நகல். அதிலும் பலர் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள். சைஸ் குறையும் என்று ப்ராக்ஸியையும் எச்.264இலேயே போடுகிறார்கள். படம் சின்னதாகும், முந்தைய ஃப்ரேமிலிருந்து கணக்குப் போடும் வேலை போகாது. மேக்கில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி, விண்டோஸில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போடுங்கள். இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி. 1080, 25 ஃப்ரேம் ப்ரோரெஸ் ப்ராக்ஸி மணிக்கு ஏறக்குறைய 17 ஜிபி பிடிக்கும். 140 எம்பிபிஎஸ் 4கே ஒரிஜினலோ 63 ஜிபி. டிஸ்கில் இடம் இல்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது.

ப்ரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில், ஒரிஜினலில் எத்தனை ஆடியோ சேனலோ அத்தனை ப்ராக்ஸியிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைய மறுக்கும். ஃப்ரேம் ரேட்டும் மாறக் கூடாது. மாமா மொபைலில் எடுத்துத் தந்த கிளிப்புகளில் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும். அவற்றை முதலில் நிலையான ரேட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் ப்ராக்ஸி போட வேண்டும். இல்லையென்றால் நாதஸ்வரம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும். ஃபோகஸ், நாய்ஸ், கலர் மூன்றையும் ப்ராக்ஸியை அணைத்துவிட்டு மட்டுமே முடிவு செய்யுங்கள். சின்னப் படத்தில் எல்லா முகமும் ஷார்ப்பாகத்தான் தெரியும்.

ஒரு ஸ்டுடியோவில் ப்ராக்ஸி ஃபோல்டரைத் திறந்து பார்த்து, கல்யாணம் முழுக்க இருக்கிறது என்று நம்பி ஒரிஜினல் டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டார்கள். ஆல்பத்துக்கு ஃப்ரேம் எடுக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ப்ராக்ஸி ஃபோல்டரின் பெயரிலேயே 'ப்ராக்ஸி' என்று எழுதி வையுங்கள். எக்ஸ்போர்ட்டில் 'யூஸ் ப்ராக்ஸீஸ்' டிக் இல்லாமல் இருக்கிறதா, ஒரிஜினல் டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரெண்டர் போடுங்கள். டெலிவரி முடிந்தபின் இடம் வேண்டுமென்றால் ப்ராக்ஸியை அழிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.