சேவையைக் கற்பதா, சேவையால் கற்பதா?

'பட்டமளிப்புத் தேவையாக சமூக சேவைக் கற்றலை ஆக்குதல்' என்று ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு என்னவோ தேவைப்படுகிறது, பந்தலோ நாற்காலியோ, அதைச் சேவையாகச் செய்து கொடுக்க யாரோ கற்றுக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இதன் ஆங்கிலம் என்னவாக இருந்திருக்கும் என்று மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தபிறகே விளங்கியது. சர்வீஸ் லேர்னிங், அதாவது ஊருக்கு வேலை செய்து அதன் வழியாகப் படிக்கும் பாடத்தை முடித்தால்தான் பட்டம் என்று பல்கலைக்கழகங்கள் விதி வைக்கலாமா என்பதுதான் விஷயம். தமிழைப் படிக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பு எதற்கு? இந்தச் 'சேவைக் கற்றல்' என் கண்ணில் படுவது ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, அதனால் எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

சர்வீஸ் லேர்னிங் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960களின் பிற்பாதியில், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கல்வி வாரியம் ஒன்றில் வேலை பார்த்த ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. மாணவர் ஊருக்குப் பயன்படும் வேலை ஒன்றைச் செய்ய வேண்டும், அது அவர் வகுப்பில் படிக்கும் பாடத்தோடு பொருந்த வேண்டும், செய்ததை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவந்து அலச வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். 1979இல் சிக்மன் எழுதிய மூன்று கொள்கைகளில் முதலாவது, என்ன உதவி வேண்டும் என்று தீர்மானிப்பவர் உதவி பெறுகிறவர்தான் என்பது. கடைசி, உதவி செய்கிறவரும் கற்றுக்கொள்ள வந்தவரே என்பது.

கட்டாயம் ஆக்கிய இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் பழைய ராணுவ முகாம் நிலத்தில் 1990களில் எழுந்த மான்டரே பே பல்கலைக்கழகம் ஆரம்பத்திலிருந்தே இளநிலை மாணவர் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக வைத்தது. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம் 2005 கத்ரீனா புயலில் மூழ்கி, அடுத்த ஆண்டு மீண்டும் திறந்தபோது பட்டத்துக்கு இந்த நிபந்தனையைச் சேர்த்தது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் இது மூன்று கிரெடிட் பாடம். சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க 80 மணி நேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும்.

கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பாடம், மதிப்பெண். மற்றதில் மணிக்கணக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர்: முதலாவது சர்வீஸ் லேர்னிங், மற்றது கம்யூனிட்டி சர்வீஸ். நம்மாட்கள் இரண்டையும் 'சமூக சேவை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள், பின்னால் 'கற்றல்' என்று ஒரு வால் ஒட்டினால் அது சர்வீஸ் லேர்னிங் ஆகிவிடும் என்று நம்பிக்கை.

சரி, 'சேவை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியிலிருந்து வந்தது என்பதற்காக நான் அதை வெறுக்கவில்லை. என் சங்கடம் வேறு: அந்தச் சொல் இன்றைக்கு எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். சரக்கு மற்றும் சேவை வரி, வாடிக்கையாளர் சேவை, இ-சேவை மையம். எல்லாமே காசு கொடுத்து வாங்குவது, இல்லாவிட்டால் வரிசையில் நின்று வாங்குவது. பெருமாள் கோயிலில் சேவை என்றால் தரிசனம். கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் தேங்காய்ச் சேவையும் எலுமிச்சைச் சேவையும் இலைக்கு வரும். 'சேவைக் கற்றல்' என்று ஒரு பலகை தொங்கினால் அது வாஷிங் மெஷின் பழுது பார்க்கக் கற்றுத்தரும் இடம் என்றுதான் எங்கள் தெருவில் நினைப்பார்கள். அவர்கள் நினைப்பதில் தப்பும் இல்லை.

முன்னால் நிற்கும் 'சமூக' இன்னும் மோசம். தமிழ்நாட்டில் "நீங்க என்ன சமூகம்?" என்று ஒருவர் கேட்டால் அவர் எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்று அச்சாகும் தாளைத் தமிழில் சாதிச் சான்றிதழ் என்றுதானே சொல்கிறோம்? அதற்கு மேல் இப்போது ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சிறு குற்றங்கள் சிலவற்றுக்குக் கம்யூனிட்டி சர்வீஸைத் தண்டனையாக வைத்திருக்கிறது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்தவருக்கும், முதல் தடவையாக ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாகத் திருடிப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்கும் அந்தத் தண்டனை கிடைக்கலாம். செய்தித்தாள்கள் அதையும் 'சமூக சேவை' என்றே எழுதுகின்றன. ஆக, நீதிமன்றம் விதித்தாலும் சமூக சேவை, பல்கலைக்கழகம் விதித்தாலும் சமூக சேவை. இரண்டாவது வகையைப் பற்றிப் படிக்கிற பையன் தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க மாட்டானா?

இலக்கணத்துக்கு வருகிறேன். 'வீணை கற்றல்' என்றால் வீணையைக் கற்பது. அதே மாதிரி 'சேவை கற்றல்' என்றால் சேவையைக் கற்பது. நடுவில் 'க்' போட்டால் ஏதோ மறைந்து நிற்கிறது என்று அர்த்தம், 'சேவையால் வரும் கற்றல்' என்று விரித்துக்கொள்ள இலக்கணம் இடம் கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்திலும் இதே சண்டை நடந்திருக்கிறது. இரண்டு சொற்களுக்கும் நடுவில் சிறு கோடு வேண்டும் என்பது சிக்மன் கட்சி. கோடு இல்லாவிட்டால் சேவை ஒரு பக்கம், கற்றல் ஒரு பக்கம், இரண்டுக்கும் ஒட்டு உறவு இல்லை என்று அவர் வகைபிரித்தே எழுதினார். அவர்களுக்குக் கோடு, நமக்கு ஒற்று. ஆனால் ஒற்று என்று ஒன்று இருப்பதையே மறந்து தட்டச்சு செய்கிற காலத்தில், ஒரு சொல்லின் மொத்தப் பொருளையும் ஒரு 'க்' தலையில் ஏற்றி வைப்பது சரியா?

தனித்தமிழ் நண்பர்கள் 'தொண்டு' என்பார்கள். அருமையான சொல். சிங்கப்பூரில் 'தொண்டூழியர்' என்று அன்றாடம் எழுதுகிறார்கள், இலங்கையில் 'தொண்டர் ஆசிரியர்' உண்டு. ஆனால் தொண்டு செய்கிறவர் மணிக்கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்குவதில்லை. கட்டாயம் என்று வந்தபிறகு அதைத் தொண்டு என்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அவமரியாதை. ஒப்புரவு என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், அதைச் சொன்னால் இன்று உரை தேட வேண்டும்.

நல்ல சொல் நம் வீட்டிலேயே கிடக்கிறது. 1969இல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய என்.எஸ்.எஸ்ஸுக்கு நம் ஊரில் என்ன பெயர்? நாட்டு நலப்பணித் திட்டம். யார் வைத்தாரோ, அவருக்குக் காது இருந்திருக்கிறது. நேஷனல் சர்வீஸ் என்ற அதே இரண்டு சொல்தான் சிங்கப்பூரில் 'தேசிய சேவை', அங்கே அது கட்டாய ராணுவப் பயிற்சி. இங்கே 'நலப்பணி'. சொல்லை விட்டுவிட்டுச் செய்கிற காரியத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'வழி'யும் நமக்குப் பழக்கம்தான், தமிழ்வழிக் கல்வி என்பதற்கு யாரும் அகராதி தேடுவதில்லை. இரண்டையும் சேர்த்தால் நலப்பணிவழிக் கற்றல். பணி எது, படிப்பு எது, எது எதற்கு வழி என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல் சண்டை இல்லை. நானும் என்.எஸ்.எஸ்ஸில் இருந்தவன்தான், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். ஒரு கிராமத்தில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தோம், குளத்தங்கரையில் முள்வெட்டினோம். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லெல்லாம் காவி படிந்திருந்தது. எங்கள் குழுவில் வேதியியல் மாணவர் ஒன்பது பேர். ஒருவர்கூட ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகவில்லை, எடுத்துப் போகச் சொல்லவும் ஆள் இல்லை. நலப்பணி நடந்தது, கற்றல் நடக்கவில்லை.

அப்புறம், இந்தப் பாடத்தில் ரிஃப்ளெக்‌ஷன் என்று ஒரு பகுதி உண்டு, செய்ததை உட்கார்ந்து அசைபோட்டு எழுதுவது. அதற்கு அதே அழைப்பிதழில் 'பிரதிபலிப்பு அமர்வு' என்று போட்டிருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார வைப்பார்கள் போலிருக்கிறது.

'நலப்பணிவழிக் கற்றலை முடித்தால்தான் பட்டம்: இந்த விதி தேவையா?' என்று திருத்தி அமைப்பாளருக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறது சார், ஆனால் பேனர் அடித்தாகிவிட்டது என்று பதில் வந்தது.