வழுக்கவில்லை, ஆனாலும் விழுந்தார்கள்

2020 மார்ச்சில் கொரோனாவால் ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டபோது, எலும்பு முறிவு வார்டுகளில் கூட்டம் குறைந்தது. சாலையில் வண்டி இல்லை, மைதானத்தில் ஆட்டம் இல்லை, அடிபட்டு வர ஆள் ஏது? ஆனால் பார்சிலோனாவில் கணக்குப் பார்த்த மருத்துவர்கள், ஒரு வகை நோயாளிகள் மட்டும் முன்போலவே வந்துகொண்டிருப்பதைக் கவனித்தார்கள். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள். பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கதைதான். வயதான எலும்பு முறிய லாரி மோத வேண்டியதில்லை. நின்ற இடத்தில் விழுந்தாலே போதும். அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கிறது.

65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று இந்திய அரசும் அப்போது சொன்னது. கிருமியிடமிருந்து காப்பாற்ற அது தேவைதான். ஆனால் அதற்குக் கால்கள் ஒரு விலை கொடுத்தன.

யாராவது விழுந்தால் நாம் முதலில் பார்ப்பது தரை ஈரமா என்று. கனடாவின் வான்கூவர் பகுதியில் முதியோர் இல்லங்களில் கேமரா வைத்து, முதியவர்கள் விழுந்த 227 தருணங்களை ஆய்வாளர்கள் அலசினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, வழுக்கி விழுந்தது வெறும் 3 சதவீதம். தடுக்கி விழுந்தது 21 சதவீதம். முதலிடம் பிடித்தது வேறு: நிற்கும்போதோ நடக்கும்போதோ உடம்பின் பாரத்தைத் தப்பாக மாற்றியது, 41 சதவீதம். (கேமரா பொது இடங்களில்தான் இருந்தது, குளியலறையில் இல்லை. அதனால் பாத்ரூம் தரையைத் துடைப்பதை விட்டுவிட வேண்டாம்.)

சும்மா நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடம்பு சும்மா இல்லை, மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண், உள்காது, பாதத்திலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் என மூன்று பக்கமிருந்தும் மூளைக்குத் தகவல் போகிறது. சின்ன ஆட்டத்தைக் கணுக்கால் சரிக்கட்டும். கொஞ்சம் பெரிதானால் இடுப்பு வளைந்து கொடுக்கும். அதற்கும் மேலே போனால் ஒரே வழிதான்: சட்டென்று காலை எடுத்து ஒரு எட்டு வைப்பது. நின்ற நிலையிலிருந்து இடுப்பு தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது, முக்கால் நொடிதான். அதற்குள் கால் போய்ச் சேர வேண்டும். இளைஞர்களும் தடுமாறுகிறார்கள், ஆனால் அந்த எட்டு சரியான நேரத்தில் தரையில் பதிந்துவிடுவதால் அதை மறந்தும் போகிறார்கள்.

அந்த எட்டுக்குத் தேவை வெறும் பலம் அல்ல, வேகம். தசையில் வேகமாகச் சுருங்கும் நார்கள், மெதுவாகச் சுருங்கும் நார்கள் என்று இரண்டு வகை உண்டு. வயதானால் அதிகம் மெலிவது வேக நார்கள்தான். நடமாட்டம் குறைந்தால் தசை இன்னும் வேகமாகக் கரைகிறது. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமான சில முதியவர்கள் 14 நாட்களுக்குத் தினசரி நடையை முக்கால்வாசி குறைத்துக்கொண்டார்கள். கால் தசை சுமார் 4 சதவீதம் போய்விட்டது. யாரும் படுக்கையில் கிடக்கவில்லை. வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தவர்கள்தான். இது இரண்டே வாரக் கணக்கு. ஊரடங்கோ மாதக்கணக்கில் நீண்டது.

இங்கிலாந்தில் இதை அளந்தும் பார்த்தார்கள். தசைக்கும் சமநிலைக்கும் வலு சேர்க்கும் செயல்களில் முதியவர்கள் வாரத்துக்குச் செலவிட்ட சராசரி நேரம் 126 நிமிடத்திலிருந்து 77 நிமிடமாக இறங்கியிருந்தது. இதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழும் முதியவர்கள் கூடுதலாக 1,10,000 பேர் இருப்பார்கள் என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 2021இல் கணித்தது.

தசை மட்டும் காரணமல்ல. அதிகம் படுத்தே இருந்தால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கிறுகிறுப்பு வரும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். முகக்கவசம் கீழ்ப்பார்வையை மறைத்தது, கண்ணாடியில் ஆவி படிந்தது. கண்புரை அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அப்புறம், சில முதியவர்களுக்குக் காய்ச்சலோ இருமலோ பெரிதாக இல்லாமல், திடீரென விழுந்ததே கொரோனாவின் முதல் அடையாளமாக இருந்ததும் உண்டு. ஒருமுறை விழுந்தவர் பயத்தில் நடப்பதைக் குறைத்துக்கொள்வார். கால் இன்னும் தளரும், மறுபடி விழும் வாய்ப்பு கூடும். இருப்பதிலேயே மோசமானது இந்தச் சுற்றுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் "பத்திரமா உட்காருங்க" என்று வீட்டாரும் சேர்ந்தே அதைச் சுற்றி விடுகிறார்கள்.

போன வலுவை எந்த வயதிலும் ஓரளவு மீட்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது. ஆனால் பலனுக்கு உறுதியான ஆதாரம் இருப்பது சமநிலைப் பயிற்சிகளுக்குத்தான். வெறும் நடைக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. மொட்டை மாடியில் ஒரே சீராகச் சுற்றி வந்தால் இதயத்துக்கு நல்லது, ஆனால் தடுமாறினால் பிடித்து நிறுத்தும் அந்த எட்டுக்கு அதில் பழக்கம் கிடைப்பதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது என்று உடம்பைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கும் வேலைகள்தான் அதற்குப் பழக்கம் தரும். ஏற்கெனவே விழுந்தவர்கள், எழும்போது தலை சுற்றுபவர்கள் முதலில் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.