நன்னாரியும் அரளியும் ஒரே குடும்பம்தான், அதற்காக?

மறுபடியும் ஒரு படம் வந்திருக்கிறது. நான்கைந்து இலைகள், பூவும் இல்லை, காயும் இல்லை. "செயலி அப்போசைனேசி குடும்பம்னு காட்டுது. நன்னாரியும் அதுதானே சார், கஷாயம் வைக்கலாமா?" என்று கேள்வி. படத்தில் இருந்தது அரளி.

தாவர வகைப்பாட்டில் வேலை செய்கிறவர்களிடம் செடியின் பெயர் கேட்பார்கள், அது வழக்கம்தான். இப்போது குடும்பப் பெயரையே நற்சான்றிதழாக நீட்டுகிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

குடும்பம் என்று நாங்கள் சொல்வது வம்சாவளியை. பூ, காய், விதை, டிஎன்ஏ எல்லாம் பார்த்து, எந்தச் செடி எதற்குச் சொந்தம் என்று முடிவு செய்கிறோம். தின்னலாமா என்று யாரும் பார்ப்பதில்லை. 1810-ல் ராபர்ட் பிரௌன் எருக்கையும் அதன் உறவுகளையும் தனிக் குடும்பமாகப் பிரித்தார். எருக்கில் மகரந்தம் பொடியாக உதிராமல் கட்டியாகத் திரண்டிருக்கும், அந்த மாதிரிப் பூ அமைப்பை வைத்துத்தான் பிரித்தார். பின்னாளில் டிஎன்ஏ ஆய்வுகள் வந்தபின் அந்தக் குடும்பத்தைத் திரும்ப அரளிக் குடும்பமான அப்போசைனேசியோடு சேர்த்துவிட்டார்கள். நன்னாரி, சிறுகுறிஞ்சான், எருக்கு எல்லாம் அரளிக்குச் சொந்தமானது இப்படித்தான். இதனால் அரளியின் விஷம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

சரி, குடும்பத்துக்குள் இருக்கிற சிறு பிரிவான துணைக்குடும்பத்தை நம்பலாமா? அதுவும் கூடாது. அரளியும் மஞ்சள் அரளியும் வேறு வேறு துணைக்குடும்பம், ஆனால் இரண்டிலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் என்ற நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. மஞ்சள் அரளியின் துணைக்குடும்பத்திலேயே இருக்கிற நித்தியகல்யாணியில் இருப்பவையோ வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின். புற்றுநோய்க்கு மருத்துவர்கள் அளந்து, நரம்பு வழியாக, கண்காணித்துக் கொடுக்கிற மருந்துகள் அவை. அந்த இலையைச் சர்க்கரைக்கு என்று வெறும் வயிற்றில் மெல்கிறீர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

பாலைவன ரோஜா என்று தொட்டியில் வளர்க்கிறீர்களே, அடீனியம், அதற்கும் ரோஜாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது அரளியின் நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவிய விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது, பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் அரளி விஷம் போகாது. செடியின் பெயர் தெரிய வேண்டுமா, பூவும் காயும் உள்ள கிளையாகக் கொண்டு வாருங்கள். யாராவது தின்றுவிட்டால் மட்டும் படம் அனுப்பிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சக் கிளையைப் பையில் போட்டுக்கொண்டு ஈசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள், ஆள் தெம்பாகத் தெரிந்தாலும்.