ஆடியில் அடித்த பெயிண்ட், ஐப்பசியில் பூத்த உப்பு

ஆடி மாதத்தில் பொதுவாக யாரும் வீடு பார்க்க வருவதில்லை. சென்னையில் பழைய தனி வீட்டை விற்க நினைக்கிறவர்களுக்கு அதுதான் பெயிண்ட் அடிக்கத் தோதான காலம். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் தெரிந்தால் சுரண்டி, புட்டி பூசி, மேலே பளபளவென்று எமல்ஷன். ஆவணியில் வருகிறவர் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துப் போவார். பத்திரப் பதிவு தள்ளிப்போய், ஐப்பசி அடைமழையில் அவர் மறுபடி வந்தால் அதே இடத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். திட்டு விழுவது பெயிண்டருக்கு. பாவம், அவர் மேல் தப்பு அதிகம் இல்லை.

செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை ஈரத்தை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு சன்னமோ, நீர் அவ்வளவு உயரம் ஏறும். 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் சுமார் 15 மி.மீ. ஏறுகிற நீர், ஆரம் 0.01 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர்வரை போகும். சுவரில் பாதி வழியிலேயே காற்றில் உலர்ந்துவிடுவதால், பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடுகிறது. ஓதக் கறைக்கு மேலே கோடு போட்டதுபோல விளிம்பு தெரிவது இதனால்தான். அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் பூச்சு சரியாகப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெறும் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை. மண், மணல், போர் தண்ணீர் எல்லாவற்றிலும் உள்ள உப்பையும் அது சுமந்து வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். செங்கல்லின் தரம் பார்க்க இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு சோதனை உண்டு: கல்லை 25 மி.மீ. ஆழத் தண்ணீரில் நிறுத்தி, அது வற்றிய பிறகு எவ்வளவு உப்பு பூத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓதமுள்ள வீடு அதே சோதனையை வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறது.

உப்புகளில் பொல்லாதது சோடியம் சல்பேட். 32.4 டிகிரி செல்சியசுக்குக் கீழே, ஈரமும் இருந்தால், ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொள்ளும். பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வெயில் ஏறினால் நீரை விட்டுவிடும். சென்னையில் பகலும் இரவுமாக இந்த 32.4-ஐத் தாண்டிப் போய் வருகிற நாட்கள் எத்தனை! துளைக்குள் வளரும் படிகத்துக்கு இடம் போதாமல் பூச்சைத் தள்ளுகிறது, சுவர் பொரிகிறது. சாதாரணச் சோற்றுப்பு வேறு மாதிரி: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியும். கடலோர ஊரில் மழை இல்லாமலும் சுவர் நனைந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்புக்குள் ஆவி தாராளமாகப் போய்வந்தது. உப்பு வெளியே பூத்தது, துடைத்துவிட்டு மறுபடி அடித்தார்கள். எமல்ஷனோ மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஆவி வெளியேறுவது குறைய, உப்பு படலத்துக்குப் பின்னால் சேர்ந்து அதை உரிக்கிறது. டைல்ஸ் ஒட்டி மறைக்கிறவர்களும் உண்டு. சில மாதத்தில் டைல்ஸுக்கு மேலே புதுக் கோடு எழும்பும்.

ஆகவே விற்கிறவர் முதலில் தேட வேண்டியது தண்ணீர் வரும் வழியை. ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது; வெளிப்புறம் என்றால் அறைக் காற்றிலிருந்து. குழாய்க் கசிவோ, பின்பக்கக் குளியலறையோ, அதைச் சரிசெய்த பிறகுதான் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து உள்ளேயே போய்விடும். ஒன்பது அங்குலச் சுவர் உலரச் சில மாதங்கள் ஆகும். ஆடி ஒரு மாதம் போதாது, பங்குனியிலேயே தொடங்கினால் சித்திரை வெயில் கைகொடுக்கும்.

அப்புறம் அந்தப் பூஞ்சை வாடை. ஒரே மணம் விடாமல் வந்தால் மூக்கு சில நிமிடங்களில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பதால், அங்கேயே இருக்கும் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. வெளியூரிலிருந்து வரும் மைத்துனரிடம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுங்கள். ஊதுபத்தி மட்டும் கொளுத்தி வைக்காதீர்கள். வீடு வாங்க வருகிறவர் நாலு வீடு பார்த்தவராக இருந்தால், அந்த வாசனை வந்ததுமே பீரோவை நகர்த்தச் சொல்லுவார்.